தேவசுந்தரத்தின் முட்டுவலிப் பரீட்சை

என் வீட்டுக்காரர் தேவசுந்தரம் ஒரு பொருளை நம்ப வேண்டுமென்றால் அதற்கு ஒரு லாகர் இருக்க வேண்டும். லாகர் என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. குளிர்ப்பெட்டிக்குள் மருந்தோடு அதையும் வைத்து அனுப்புவார்கள். வழியில் சூடு ஏறியது, இறங்கியது எல்லாவற்றையும் அது தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். அவர் பத்தொன்பது வருடமாக ஷார்ஜாவில் ஒரு மருந்து கம்பெனியின் குளிர்சாதன வேனை ஓட்டுகிறார். பெட்டி பளபளவென்று இருக்கிறதா, எந்த நாட்டு முத்திரை குத்தியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. லாகரில் சிவப்பு விளக்கு எரிந்தால் "கலாஸ்" என்பார், அரபியில் முடிந்தது என்று பொருள்; பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும். விளக்கு சரியாக இருந்தாலும், வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்பும் குத்தாமல் ஒரு பெட்டியையும் விட்டுவிட்டு வரமாட்டார். பெண் பார்க்க வந்தபோது உனக்கும் ஒரு லாகர் இருந்திருக்கலாம் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவருடைய மீன் குழம்பில் மீன் இல்லை.

நான் ஜெபராணி. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். ஷார்ஜாவிலேயே முவைலா பகுதியில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். அவருடைய பிரஷர் மாத்திரையைக் காலையில் நான்தான் கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பேன். வாரம் ஒருமுறை பிரஷரும் பார்ப்பேன். என் கண்ணுக்குத் தப்பி அவர் ஒரு மிட்டாய்கூடத் தின்ன முடியாது என்று கிளினிக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இந்தப் பெருமையை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் மூக்குடைபடும்போது உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

எங்களுக்கு ஒரே பெண், ரினி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பார்மசி படிக்கப் போகிறேன் என்றாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பின்வாசல் வழியாகப் பெட்டி இறக்கிவிட்டு வருகிற கடைகளில் மகள் முன்வாசலில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பாள் என்று அவருக்கு நினைப்பு. ரினி அந்த நினைப்பில் மண்ணைப் போட்டாள்.

"அப்பா, ஷாம்பூ விக்கிறதுக்கு ஐ டோன்ட் நீட் சிக்ஸ் இயர்ஸ். எனக்கு ரெசிடென்சி வேணும்."

அவள் விளக்கியது இதுதான். படிப்பு முடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருடம் வார்டு வார்டாக டாக்டர்களோடு சுற்ற வேண்டும். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது எதோடு சேரக்கூடாது என்று நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கிற பயிற்சி. அதற்குத்தான் ரெசிடென்சி என்று பெயர். இங்கே அதற்கு இடங்கள் மிகவும் குறைவு, கேட்பவர்கள் ஏராளம். அது கிடைத்தால் வார்டு, கிடைக்காவிட்டால் கவுண்டர். எந்தக் காலேஜில் படித்தோம், அங்கே யார் நமக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார்கள் என்பதையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்ப்பார்கள். அதனால் இப்போது சேருகிற காலேஜையே ஆறு வருடத்துக்குப் பிறகு வரப்போகிற அந்த ஒரு வருடத்தை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள். பதினேழு வயதில் நான் அடுத்த வேளைச் சாப்பாட்டைக்கூட யோசித்ததில்லை.

எங்கள் கைக்கு எட்டியவை இரண்டு காலேஜ்கள். ஒன்று வீட்டிலிருந்து பத்து நிமிடம். கட்டடம் முழுக்கக் கண்ணாடி, அதனால் வீட்டில் அதற்குக் கண்ணாடிக் காலேஜ் என்று பெயர் வைத்தோம். சபையில் என்னோடு பாட்டுக் குழுவில் பாடுகிற விஜியின் மகள் அங்கேதான் படிக்கிறாள், அதை விஜி ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே எனக்கு ஞாபகப்படுத்துவாள். எனக்கும் அங்கேதான் ஆசை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று மலைப்பக்கம் போகிற சாலையில், ஒன்றரை மணி நேரத் தூரத்தில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய கட்டடம். அதைத் தேவசுந்தரம் முதல் நாளே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அங்கே அவர் மருந்து இறக்கியிருக்கிறார்.

"பின்வாசல்ல வேன் நிறுத்த நெழல் கெடையாது. ரெண்டு பெட்டி எறக்குகதுக்குள்ள சட்டைய பிழியலாம். நெழலு வைக்காதவன் பிள்ளையளுக்கு என்னத்த சொல்லிக் குடுப்பான்? மாஃபி! ஒண்ணும் கெடையாது!"

கண்ணாடிக் காலேஜில் பெற்றோருக்கென்று ஒரு நாள் வைத்தார்கள். ரினி கேட்டதெல்லாம் ரெசிடென்சியைப் பற்றித்தான். கோட்டுப் போட்ட பையன் "எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கின்றன" என்று சிரித்து, காபி மெஷின் இருக்கும் திசையைக் காட்டினான். மாடியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ரோபோ ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். மூன்று மாடி ஏறி வந்த தேவசுந்தரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "முட்டு வலிக்கு எது நல்லது?" என்று சும்மா கேட்டார். அங்கிருந்த ஆசிரியர் ஒரு பொத்தானைத் தட்டினார். ரோபோ கையை நீட்டி, வலி மாத்திரையின் மாதிரிப் பெட்டி ஒன்றைத் தொப்பென்று போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். இவர் மட்டும் தட்டவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரம்பித்தார்.

"ஏ ஜெபா, கவனிச்சியா? எனக்கு வேற என்ன வியாதி இருக்குன்னு ஒருத்தன் கேக்கல்ல."

"ரோபோவுக்கு எப்பிடித் தெரியும்?"

"பக்கத்துல நின்ன மனுசனுக்குத் தெரியாண்டாமா? இஞ்ச பாரு, காலேஜுங்கது பெட்டி. அதுல படிச்சு வெளிய வந்திருக்க பிள்ளையதான் லாகர். பெட்டியப் பாத்து மயங்கப்பிடாது. ஊரு முழுக்க கடை கடையா லாகரு நிக்குது. நாம போயி பாப்போம்."

யோசனை என்னவோ பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நாற்பது வயது தாண்டிய நர்ஸுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லி ஒருவர் கேட்டால் மறுக்க மனம் வருமா? உட்கார்ந்து எழுதினேன். இவர் கடைக்குப் போய் "முட்டு வலிக்கு ஒரு மாத்திரை வேணும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஐந்து மார்க். வயிற்றுப்புண் உண்டா என்று கேட்டால் இரண்டு. எத்தனை நாளாக வலி என்றால் ஒன்று. முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றால் இரண்டு. கடைசியில் எந்தக் காலேஜ் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"மொத கேள்விக்கு என்னத்துக்கு அஞ்சு மார்க்கு?" என்றார்.

"நீங்க திங்கது பிரஷர் மாத்திர. அதுல நீர் போற மருந்தும் சேந்திருக்கு. அதுக்கு மேல இந்த வலி மாத்திரயத் தொடர்ந்து முழுங்கினா பிரஷர் ஏறும், கிட்னி படுத்திரும்."

"அவ்வளவு மோசமா?"

"மோசந்தான்."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வை நான் கவனித்திருக்க வேண்டும். கேள்வித்தாளுக்கு அடிக்கோடு போடுகிற மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், துபாயிலும் ஷார்ஜாவிலும் பாதிக் கடைக்காரர்களுக்கு இவர் முகம் தெரியும். அதனால் மாறுவேடம் போட்டார். ருவைஸில் எண்ணெய் பிளான்டில் டெக்னீஷியனாக இருக்கிற என் தம்பி பிரைட் கொடுத்த தொப்பி ஒன்று. பரிசுப் பொருள் கடையில் வாங்கிய பவர் இல்லாத கண்ணாடி ஒன்று. அதோடு வந்த கறுப்புக் கூட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடை வாசலிலும் எடுத்துத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். ரினி, "அப்பா, யூ லுக் லைக் எ தீஃப்" என்றாள். அவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி துபாயில் கராமா போனார். ஆறு கடைகள். சாயங்காலம் ஒரு பெரிய பையோடு திரும்பினார். முதல் கடைக்காரர் மொபைலில் இருந்து கண்ணெடுக்காமலே மாத்திரையைக் கொடுத்து, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று விட்டமின் பாட்டிலையும் தள்ளிவிட்டிருந்தார். அடுத்தவர் முட்டுக்கு உறை, அதற்கடுத்தவர் வெயிலுக்குப் பூசும் கிரீம். ஒரு பெண் முடி வளர எண்ணெய் கொடுத்திருந்தாள். தேவசுந்தரத்துக்குத் தொப்பியைக் கழற்றினால் எண்ணெய் பூச இடம் உண்டு, முடிதான் இல்லை.

"பத்துக்கு எத்தன மார்க்கு?"

"சைபர்தான் பெரும்பாலும். ஒருத்தன் ரெண்டு."

"அதுக்கு இவ்வளவு சாமானம் என்னத்துக்கு வாங்கினிய?"

"வாங்காம வந்தா சந்தேகம் வராதா?" என்றார்.

இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். கண்ணாடியும் தொப்பியுமாகக் கவுண்டரில் போய் நின்றவரைப் பார்த்து, உள்ளேயிருந்து வந்த ஐதராபாத்காரர், "அரே தேவா பாய்! சண்டே கோ பி டெலிவரி?" என்று, ஞாயிறும் டெலிவரியா என்ற ஆச்சரியத்தில் கட்டிப்பிடித்து, டீ வரவழைத்து, பின்னால் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார். பரீட்சை அதோடு ரத்து. அன்றைய மற்ற கடைகளிலும் பெரிதாக மார்க் விழவில்லை. அதிகபட்சமே மூன்று மார்க்தான்; அதை வாங்கியவர்களில் கண்ணாடிக் காலேஜ்காரர்களும் உண்டு, ஊரில் படித்து வந்தவர்களும் உண்டு. மஞ்சள் கட்டடத்தில் படித்தவர் ஒருவரும் அகப்படவில்லை. இதற்கிடையே கண்ணாடிக் காலேஜிலிருந்து ரினிக்கு இடம் கொடுத்து மெயில் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கழிந்து வரும் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான் அன்றே விஜிக்கு வாட்ஸப்பில் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, வீட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஆன்ட்டி, நான் கராமாலேருந்து பார்மசிஸ்ட் ரஹீமா பேசுறேன். அங்கிள் இங்கதான் இருக்காங்க. பதறாதீங்க. அவங்க ஒரு வருஷமா தினமும் வலி மாத்திரை சாப்பிடுறாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. என்ன நடந்தது என்று பிறகு இருவரும் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கவுண்டரில் நின்றது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். மார்பில் ரஹீமா பீவி என்று பெயர்ப்பட்டை. இவர் வழக்கம்போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முட்டு வலிக்கு மாத்திரை கேட்டார். அவள் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை.

"அங்கிள், வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

ஐந்து மார்க். இவர் மகிழ்ந்துபோய் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதில் நீர் போகிற மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று அவளே படித்துச் சொன்னாள். வயிற்றுப்புண் உண்டா என்றாள், இரண்டு மார்க். எத்தனை நாளாக வலி என்றாள், ஒன்று.

"ஒரு வருசமா இருக்கும்."

"ஒரு வருஷமாவா? அப்ப இவ்வளவு நாளும் வலிக்கு என்ன பண்ணீங்க? சும்மாவா இருந்தீங்க?"

இந்தக் கேள்வி என் கேள்வித்தாளில் இல்லை. எனக்கே தோன்றாத கேள்வி அது. தயாராகாத பாடத்திலிருந்து கேள்வி வந்ததும் மனிதர் தடுமாறி, வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து வருகிற மாத்திரை, தினம் ஒன்று, பெட்டி அதிகமான நாளில் இரண்டு. ரஹீமா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். பேன்ட்டை மேலே இழுக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி ஐந்து வரை எண்ணினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது, காலில் நீர் கோத்திருந்தது.

"இது யாருக்குத் தெரியும் அங்கிள்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"வீட்டுக்காரி. நர்ஸு" என்று தலையைக் குனிந்துகொண்டாராம். அப்போதுதான் அவள் என் நம்பரை வாங்கியிருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம், அதன் பின்னாலேயே வெட்கம். மூன்று மாதமாக அவருடைய பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. கருவாடுதான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லி, வீட்டில் கருவாட்டை நிறுத்தி, அவர் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போதெல்லாம் பிரசங்கம் செய்திருந்தேன். கால் வீக்கத்துக்கு வண்டி ஓட்டுவது காரணம் என்றேன். கிளினிக்கில் தினம் ஐம்பது பேர் காலைப் பார்க்கிறவள், என் கட்டிலில் கிடக்கிற காலை அழுத்திப் பார்க்கவில்லை. வெட்கத்துக்கும் பிறகு பயம் வந்தது. அது இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

அவர் வீட்டுக்கு வந்ததும் ரினிக்கு முன்னால் சத்தம் போடக்கூடாது என்று நினைத்தேன். நினைப்பு அரை நிமிடம் நின்றது. பிறகு மூன்று பேருமாகத் தேடுதல் வேட்டை. இங்கே யார் லீவில் ஊருக்குப் போனாலும், தெரிந்தவர்கள் எல்லாருடைய மாத்திரைப் பட்டியலும் கூடவே போகும். திரும்பி வரும்போது நேந்திரங்காய் சிப்ஸுக்கு நடுவே அட்டை அட்டையாக வரும். என் தம்பி பிரைட்தான் இவருக்குச் சப்ளை என்று தெரிந்தது. அரிசி வாளியில் நான்கு அட்டை. வேன் சீட்டுக்கு அடியில் ஆறு. அவருடைய பைபிளின் ஜிப் உறையை ரினி திறந்தபோது, உள்ளே இன்னும் மூன்று.

"வேதத்துக்குப் பக்கத்துல வச்சா ஒரு கெடுதலும் செய்யாதுன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ. அவரு பாரம் தூக்காதன்னு எழுதிக் குடுப்பாரு. வேன வேற ஆளுக்குக் குடுத்திருவானுக. பிள்ள காலேஜுக்குப் போற நேரத்துல வேன் போனா எப்பிடி?"

ரினி எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ரத்தம் எடுத்தோம். கிட்னிக் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. நல்ல நேரத்தில் நிறுத்தினோம், திரும்பிவிடும் என்றார் டாக்டர். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. முட்டுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். வேனும் போகவில்லை, பெட்டி இறக்க ஓர் ஆள் கூட வரட்டும் என்று கம்பெனியில் ஒரே நாளில் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் மறைத்த விஷயம் ஒரு கேள்வியில் தீர்ந்தது.

கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததும் தேவசுந்தரம் நோட்டை எடுத்து, ரஹீமா பெயருக்கு நேரே பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதினார். எந்தக் காலேஜ் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"சொல்லுங்க. எங்க படிச்சாளாம்?"

"அந்த மஞ்சக் கட்டடத்துல" என்றார் முணுமுணுப்பாக. "நெழலு இல்லாத எடம்."

அதோடு முடியவில்லை. ரஹீமா கவுண்டரில் இருப்பது அந்த மாதம் வரைதானாம். அடுத்த மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரெசிடென்சிக்குச் சேரப்போகிறாள். ரினி அன்றே அவளோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். ரஹீமா சொன்னதை எங்களுக்கு வந்து ஒப்பித்தாள். கட்டடத்தைப் பார்க்காதே. போன வருடம் ரெசிடென்சிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேள். எந்த வருடத்திலிருந்து வார்டுக்கு அனுப்புகிறார்கள் என்று கேள். உனக்குக் கடிதம் எழுதப்போகிறவர் உன்னை நோயாளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவராக இருக்க வேண்டும், வகுப்பில் மட்டும் பார்த்தவரின் கடிதத்துக்கு அங்கே மரியாதை இல்லை.

செவ்வாய்க்கிழமை ரினி கண்ணாடிக் காலேஜுக்குப் போன் போட்டு முதல் கேள்வியைக் கேட்டாள். ஏழு நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு குரல், நாங்களே திரும்பக் கூப்பிடுகிறோம் என்றது. இந்தக் கதையை எழுதுகிற வரைக்கும் கூப்பிடவில்லை.

மஞ்சள் கட்டடத்தில் போனை எடுத்தது ஒரு பேராசிரியை, டாக்டர் ஹனான், ஈராக்காரம்மா. "பதினொரு பேர் விண்ணப்பித்தார்கள், நான்கு பேருக்குக் கிடைத்தது" என்று உடனே சொன்னார். "மீதி ஏழு பேருக்கு ஏன் கிடைக்கவில்லை என்றும் சொல்லட்டுமா?" என்று கேட்டு, அதையும் சொன்னார். அவரே வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வார்டில் நிற்பவராம். மாணவர்களும் மூன்றாம் வருடத்திலிருந்து அவரோடு போவார்களாம். ஆனால் அங்கே இடம் இனிமேல்தான். திங்கட்கிழமை நேர்முகம், பன்னிரண்டு இடத்துக்கு நாற்பது பேர்.

"கையில இருக்கத விட்டிரப்பிடாது மக்களே" என்று நான் மன்றாடினேன்.

"பதினொண்ணுல நாலுன்னு உண்மைய சொல்றாங்கம்மா. கண்ணாடிக் காலேஜ் நோட்டீஸ்ல ஹண்ட்ரட் பெர்சன்ட்னு போட்டிருக்காங்க, ஆனா எதுலன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

நான் தேவசுந்தரத்தைப் பார்த்தேன். "லாகரப் பாத்தாச்சு, ஜெபா" என்றார். வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கண்ணாடிக் காலேஜ் இடம் போனது. ஐந்து ஐந்துக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன். விஜி போன் செய்தாள், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேனில்லாமல் டாக்ஸியில் போனோம். பின்வாசலில் இப்போதும் நிழல் இல்லை, இவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டாக்டர் ஹனானின் அறை சின்னது. மேசை நிறையக் காகிதம். பெற்றோரும் உட்காரலாம் என்றார். மாணவர் சேர்க்கைக்கு அவர்தான் தலைவி. பதினேழு வயதில் உனக்கு ஏன் ரெசிடென்சி பற்றிய கவலை என்று ரினியைக் கேட்டார். ரினி நன்றாகத்தான் பதில் சொன்னாள், ஆனால் குரல் நடுங்கியது. இருபது நிமிடம் ஆனது. அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரினியின் விண்ணப்பத்தை மூடித் தள்ளிவைத்து, "நன்றி, முடிவைத் தெரிவிப்போம்" என்றார். கையில் இருந்ததையும் விட்டுவிட்டு வந்து நிற்கிறோமே என்று நினைத்தேன்.

எழுந்த தேவசுந்தரம் சட்டென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒன் கொஸ்டின். மை நீ பெயின். விச் டேப்லட் குட்?"

நான் அவர் இடுப்பில் கிள்ளினேன். அசையவில்லை. டாக்டர் ஹனான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மருந்து பெயர் சொல்லவில்லை.

"வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்றார்.

தேவசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி "அஞ்சு" என்றார். ஆனால் அந்த அம்மா அவரிடம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரினியின் பக்கம் திரும்பினார்.

"இவர் உன் நோயாளி. என்ன கொடுப்பாய்?"

ரினி அப்பாவைப் பார்த்தாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

"ஒன்றும் கொடுக்க மாட்டேன் மேடம். முதலில் அவர் சட்டைப் பையில் இருக்கிற கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டச் சொல்வேன்."

"ஏன்?"

"அவர் கண்ணாடி போடுவதில்லை. அந்தக் கண்ணாடி ஒரு வாரமாக எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் கிடக்கிறது. கூட்டை மட்டும் தினமும் எடுத்துக்கொண்டு போகிறார்."

தேவசுந்தரம் மெதுவாகக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு அட்டை மாத்திரை. நான் பாய்ந்து பிடுங்கி எண்ணினேன். பத்துக் குழியிலும் பத்து மாத்திரை அப்படியே இருந்தது.

"திங்கல்ல, ஜெபா. சத்தியமா ஒண்ணுகூடத் திங்கல்ல. பையில இருக்குன்னு தெரிஞ்சா படி ஏறுகதுக்கு ஒரு தைரியம். அவ்வளவுதான்."

என் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் ஹனான் என் கையிலிருந்து அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு தள்ளிவைத்த விண்ணப்பத்தைத் திரும்ப முன்னால் இழுத்தார். "வார்டில் முதல் பாடமே இதுதான். நோயாளி சொல்லாததைப் பார்ப்பது" என்றார்.

இவருக்கு எதுவும் காதில் விழவில்லை. இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம். ஒருவர் கையில் மருந்து போய்விட்டது, கையெழுத்து வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"மேடம், சைன் ப்ளீஸ்."

அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். பேனாவை வாங்கி, ரினியின் விண்ணப்பத்தில் 'சேர்த்துக்கொள்ளலாம்' என்ற இடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டு, காகிதத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். ரினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தேவசுந்தரம் குனிந்து, கையெழுத்தை மேலும் கீழும் பார்த்தார். மகளை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஸ்டாம்ப், மேடம்" என்றார்.